டெட்ரா வயர்லெஸ் செட்டு டெமோ: நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுக்க மலையிலயும் கடக்கரையிலயும் போட்டு பாத்த ரிவியூ

முதல்லயே ரிசல்ட்ட சொல்லிடுதேன், பொறுமை இல்லாதவிய இதோட போயிடலாம். செட்டு கொள்ளாம், நல்லா தான் இருக்கு. டவுனுக்குள்ள சவுண்டு தெளிவு கொள்ளாம். என்கிரிப்ஷன், அதாவது பேச்ச வேற யாரும் கேக்காம பூட்டுற ஏற்பாடு இருக்கு, ஆனா அதுக்க சாவி யாரு கையில இருக்கும்னு கேட்டா விக்க வந்தவிய கிட்ட ஒழுங்கா பதில் இல்ல. மலைக்குள்ள போனதும் படுத்துட்டு. கடலுக்கு இது ஆவவே ஆவாது. போலீஸ், ஃபயர், 108, ரெவின்யூ, ஃபாரஸ்ட்டுன்னு எல்லாரையும் சேத்து நாடு முழுக்க அரசாங்கத்துக்குன்னு தனியா ஒரு ரேடியோ நெட்வொர்க் போடணும்னு பேச்சு வரும்போதெல்லாம் மேசையில செட்ட பரத்தி வச்சு தான் காட்டுதாவ, என்னைய கேட்டா செட்டு கடைசி. டவருக்கு கரண்டு எங்க இருந்து வருது, சாவி எங்க இருக்கு, இந்த ரெண்டையும் பாத்துட்டு தான் செட்ட கையில எடுக்கணும்.

நான் யாருன்னா, தக்கலை பக்கம். நம்ம ஊருக்காரனுவ நெறைய பேரு மாதிரி நானும் கல்ஃப் போனவன் தான், அங்க டெட்ரா சைட் மெயின்டனன்ஸ்ல இருந்தேன், வெயில்ல டவர்ல ஏறுறது, ஆன்டெனா கேபிள் மாத்துறது, பேட்டரி பேங்க் பாக்குறது இதான் சோறு. இப்ப ஊருல சிசிடிவி, சோலார், போட்டுக்கு வி.ஹெச்.எஃப் செட்டு மாட்டுறதுன்னு ஓடுது. ஒரு கம்பெனி இங்க டெமோ போட வந்தப்ப லோக்கல்ல தெரிஞ்ச ஆளு வேணும்னு என்னைய கூப்பிட்டாவ, பேரு வேண்டாம், பேரு சொல்லுற அளவுக்கு நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல. கூலி வாங்கினேன், அதையும் சொல்லிடுதேன். ரிவியூக்கு காசு வாங்கல.

இதுக்கு நடுவுல ஒண்ணு. டெமோன்னாலும் நெனச்ச மாதிரி காத்துல பேச முடியாது, டெல்லியில டபிள்யூ.பி.சிங்கிற மத்திய அரசு ஆபீஸ் கிட்ட ஃப்ரீக்குவென்சிக்கு அனுமதி வாங்கணும், அவிய வாங்கிட்டு தான் வந்தாவ. இத ஏன் சொல்லுதேன்னா நம்ம பயலுவ ஆன்லைன்ல கெடைக்குதுன்னு வாக்கி டாக்கி வாங்கி கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் வச்சு ஜாலியா பேசுதானுவ. இந்த மாதிரி வாக்கி டாக்கியில லைசென்ஸ் இல்லாம பேசலாம்னு நம்ம நாட்டுல விட்டிருக்கிறது 446 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன துண்டு, அதுவும் கம்மி பவர்ல. அதுக்கு வெளிய லைசென்ஸ் இல்லாம இந்த செட்டுல பேசினா குத்தம். 2025ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் கடைக்காரங்களுக்கு இதுக்குன்னே தனியா விதி போட்டுது. பாத்துக்கிடுங்க.

செரி டெட்ரான்னா என்ன. இது ஒரு கம்பெனிக்க சரக்கு இல்ல, ஐரோப்பாவுல எட்சின்னு ஒரு அமைப்பு 1990கள்ல உண்டாக்குன ஸ்டாண்டர்டு. 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்துல ஒரு கேரியர், அத நேரத்தால நாலு துண்டா, அதாவது நாலு ஸ்லாட்டா வெட்டி நாலு பேச்சு ஓட்டுவாவ. பழைய வயர்லெஸ்ல ஸ்டேஷனுக்கு ஒரு சேனல்னு கட்டி வச்சிருப்பாவ, யாரும் பேசாட்டியும் அது சும்மா கெடக்கும், இதுல அப்படி இல்ல, பேங்குல டோக்கன் எடுத்துட்டு எந்த கவுன்டர் காலியோ அங்க போற மாதிரி, பட்டன அமுக்குன நேரத்துல எந்த ஸ்லாட் காலியோ அத சிஸ்டமே எடுத்து குடுக்கும். அமுக்கி அரை செகண்டுக்குள்ள பேசலாம். கால் போறது ஒரு ஆளுக்கு இல்ல, குரூப்புக்கு. நூறு பேரு இருந்தா நூறு பேரும் ஒரே நேரத்துல கேப்பாவ. எல்லா ஸ்லாட்டும் ரொம்பி கெடக்கும்போது ஒருத்தர் எமர்ஜென்சி பட்டன அமுக்கினா ஏற்கனவே பேசிட்டு இருக்கிறவன வெட்டி விட்டுட்டு இவருக்கு வழி விடும். நம்ம சாதா செல்போன்ல இது கெடையாது. புயல் அடிச்ச அன்னிக்கு ஊரே போன எடுத்து "எங்க இருக்க, எங்க இருக்க"ன்னு கேக்கும்போது தாசில்தாருக்கும் நமக்கும் ஒரே வரிசை தான்.

பின்லாந்துல விர்வேன்னு நாடு முழுக்க இத முதல்ல போட்டாவ. அப்புறம் பிரிட்டன்ல ஏர்வேவ், சுவீடன்ல ராகெல், பெல்ஜியத்துல ஆஸ்ட்ரிட், நார்வேயில நோட்நெட், நம்ம ஆளுவளுக்கு தெரிஞ்சதுன்னா துபாய்ல நெடா. பிரான்ஸ் டெட்ராபோல்னு தனி வழி, அமெரிக்கா பி25னு தனி வழி.

இனி செட்டு. கையில எடுத்ததும் கனமா இருக்கு, செல்போன் பிடிச்சு பழகுன கைக்கு அது பிடிக்காது, ஆனா எனக்கு பிடிச்சுது, விழுந்தா உடையாதுன்னு ஒரு தைரியம் வருது. மேல ஒரு திருகு, அத திருகினா குரூப் மாறும், இருட்டுல ஸ்கிரீன பாக்காம கிளிக் கிளிக்னு எண்ணி மாத்தலாம், கையுறை போட்ட ஃபயர்காரருக்கும் ஒத்து வரும். ஆரஞ்சு கலர்ல எமர்ஜென்சி பட்டன் கரெக்டான இடத்துல இருக்கு, பாக்கெட்ல போடும்போது தானா அமுங்கல, அதையும் செக் பண்ணினேன். ஸ்பீக்கர் சத்தம் வடசேரி பஸ் ஸ்டாண்டு இரைச்சலயும் தாண்டி கேக்குது. காலையில சார்ஜ் போட்டு எடுத்தது ராத்திரி வரைக்கும் நின்னுது, நாங்க வாய் ஓயாம பேசியும்.

பிடிக்காதது ரெண்டு. மெனு பூரா இங்கிலீஷ். செரி அத கூட விடலாம், செட்டுல இருந்து செட்டுக்கு சின்ன மெசேஜ் அனுப்பலாம்னு பெருமையா சொன்னாவ, தமிழ்ல அடிச்சு அனுப்பினா அந்த பக்கம் கட்டம் கட்டமா வந்து நிக்குது. "கோட்டில்பாட்டுல தண்ணி ஏறுது"ன்னு ஒரு வி.ஏ.ஓ அனுப்பினா கண்ட்ரோல் ரூம்ல நாலு கட்டம் தெரிஞ்சா அத வச்சு என்ன செய்ய. பெங்களூர்ல இருந்து வந்த இன்ஜினியர் பையன் "அது சாஃப்ட்வேர் அப்டேட்ல வரும் சார்"னான். நல்ல பையன், பாவம், எத கேட்டாலும் அப்டேட்ல வரும்.

ரெண்டாவது காத்து. முட்டம் பாறை மேல நின்னு பேசினோம், அங்க காத்து எப்படி இருக்கும்னு போனவியளுக்கு தெரியும். டெட்ராவுல குரல சுருக்கி அனுப்புற முறை மனுச குரலுக்குன்னே செஞ்சது, செகண்டுக்கு அஞ்சு கிலோபிட்டு கூட இல்லாம பேச்ச அடக்கி அனுப்புது, அதனால குரலோட காத்தும் இன்ஜின் சத்தமும் கலந்து மைக்ல போயிட்டுன்னா அந்த பக்கம் கேக்குறது தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி குளறலா இருக்கு. வாய மைக்கு பக்கத்துல வச்சு கைய மறைச்சு பேசினா செரி ஆவுது, ஆனா கயித்துல தொங்கிட்டு இருக்கிறவன் கைய எப்படி மறைப்பான். பழைய அனலாக் செட்டுல சிக்னல் குறையும்போது "ஸ்ஸ்ஸ்"னு இரைச்சல் ஏறும், அத கேட்டே நம்ம ஆளு ரேஞ்சு தீரப்போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு நாலு அடி பின்னால வருவான். டிஜிட்டல்ல அந்த எச்சரிக்கை கெடையாது, நல்லா கேட்டுக்கிட்டே இருந்து சடார்னு போயிடும். பழைய மைக்குல பேசி பழகுன போலீஸ்காரருக்கு இத சொல்லி குடுக்காம செட்ட மட்டும் குடுத்தா முதல் வாரத்துலயே "இது ஆவாது"ன்னு தூக்கி லாக்கர்ல வச்சிடுவாரு.

ரேஞ்சு கதைக்கு வருவோம். நாகர்கோவில்ல ஒரு உசரமான கட்டிடத்துக்க மொட்டை மாடியில பேஸ் ஸ்டேஷன் ஏத்தினோம், டவர் வேலை பாக்குற பெட்டி அது தான். டவுனுக்குள்ள குறையே இல்ல, கோட்டாறு கடைத்தெரு சந்துக்குள்ள, மீனாட்சிபுரம், சுசீந்திரம் தேர் நிக்குற வீதி எல்லா இடத்துலயும் சுத்தமா கேட்டுது. தக்கலை தாண்டி பத்மநாபபுரம் கோட்டை வாசல்ல ஜீப்புல மாட்டுன செட்டு பேசுது, கைசெட்டு மக்கர் பண்ணுது. இங்க ஒரு விசயம் நிறைய பேருக்கு புரியாது. கைசெட்டுல சிக்னல் கம்பி எல்லாம் ரொம்பி தான் தெரியும், டவர் பேசுறதும் நமக்கு கேக்கும், ஆனா நாம பேசுறது டவருக்கு போவாது, ஏன்னா டவருக்க பவர் பல மடங்கு, கைசெட்டு ஒரு வாட்டு ரெண்டு வாட்டுக்குள்ள. அதனால டெமோவுல யாராவது ஸ்கிரீன காட்டி "பாருங்க சார் ஃபுல் சிக்னல்"னு சொன்னா நம்பாதீங்க, பேசி காட்டச் சொல்லுங்க, அந்த பக்கம் இருக்கிறவன் கேட்டத திருப்பி சொல்லணும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்துல மேல நின்னா கேக்குது, கீழ பறளியாத்துக்கு இறங்கினா போச்சு. பேச்சிப்பாறை போனோம், இல்ல. கோதையாறு, இல்ல. பத்துகாணி பக்கம் போறதுக்கு முன்னாலயே பையன் லேப்டாப்ப மூடிட்டான். இத கம்பெனிக்க குறைன்னு சொல்ல மாட்டேன், ஒரு பேஸ் ஸ்டேஷன வச்சுக்கிட்டு மேற்கு தொடர்ச்சி மலைய யாராலயும் தாண்ட முடியாது. ஆனா அவிய கொண்டு வந்த மேப்புல அந்த இடமெல்லாம் பச்சை கலர்ல இருந்துது, அத தான் குறைன்னு சொல்லுதேன். இன்னொண்ணு, அவிய வந்தது தை மாசம் கடைசி, ரப்பர் இலை உதிர்ந்து மரம் எல்லாம் மொட்டையா நிக்குற நேரம். இந்த செட்டு ஓடுற 400 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஈரமான இலை பெரிய எதிரி, பழைய 150 மெகாஹெர்ட்ஸ் செட்டு இதுல கொஞ்சம் தேவல. "எடவப்பாதி மழையில வந்து இதே மேப்ப காட்டுங்க"ன்னு சொன்னேன். சிரிச்சாவ. கம்மி நாளு, நல்ல வெயிலு, மேடான இடமா பாத்து டெஸ்ட் பண்ணி கையெழுத்து வாங்கிட்டு போறது எல்லா ஊருலயும் உள்ளது தான், கல்ஃப்லயும் பாத்திருக்கேன். நம்ம ஜில்லா 1,700 சதுர கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா இதுக்குள்ளயே கடக்கரை, வயல், ரப்பர் காடு, மலை எல்லாம் கெடக்கு, மேப்புல பாத்தா நாலு டவர் போதும்னு தோணும், கோதையாறுக்குள்ள இருக்கிற காணி பழங்குடி குடியிருப்புல ஒருத்தருக்கு பாம்பு கடிச்சா அந்த நாலுல எதுவும் உதவாது.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விசயம், கரண்டு.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கோட்டாறு சவேரியார் திருவிழா நேரம். நான் சொல்லி தெரிய வேண்டாம், மரம் விழுந்து ரோடு போச்சு, கரண்டு கம்பம் வரிசையா சாஞ்சுது, கொஞ்ச நேரத்துல செல்போன் டவர் ஒவ்வொண்ணா செத்துது, ஏன்னா டவர்ல இருக்கிற பேட்டரி சில மணி நேரத்துக்கு தான், ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் கொண்டு போற ரோட்டுல தான் மரம் கெடக்கு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைன்னு கடக்கரை பூரா வீட்டு ஆம்பளைய கடல்ல இருக்காவ, கரையில இருந்து கேக்க போன் இல்ல. செல்போன் கம்பெனிய விட அரசாங்க நெட்வொர்க் எதுல ஒசத்தியா இருக்கணும்னா இதுல தான். என்கிரிப்ஷன் எல்லாம் ரெண்டாவது.

அதனால டெமோவுல நான் கேட்ட முதல் கேள்வி, "பேஸ் ஸ்டேஷன் கரண்டு இல்லாம எத்தன மணி நேரம் நிக்கும்". பையன் பிரவுச்சர புரட்டி "கஸ்டமர் தேவைய பொறுத்து சார்"னான். இது பதிலே இல்ல. நார்வேக்காரனுக்கு 2011 கிறிஸ்துமஸ்ல டாக்மர்னு புயல் அடிச்சு போன் நெட்வொர்க் எல்லாம் விழுந்து போச்சு, பேக்கப் கரண்டு எத்தன மணி நேரம் வேணும்ங்கிற பேச்சு அதுக்கப்புறம் அங்க சூடு பிடிச்சுது. ஜெர்மனி எவ்வளவு செலவு பண்ணி கட்டுன டிஜிட்டல் நெட்வொர்க், 2021 ஜூலையில ஆர் பள்ளத்தாக்குல வெள்ளம் வந்தப்ப அங்கயும் பேஸ் ஸ்டேஷன் போச்சு. ஜெர்மனிக்கே அந்த கதின்னா எல்-1 டெண்டர்ல கம்மி விலைக்கு எடுக்குற நாம பேட்டரிய எப்படி வாங்குவோம்னு யோசிச்சு பாருங்க. பேட்டரி தான் முதல்ல வெட்டு விழுற இடம், ஏன்னா அது ஃபோட்டோவுல தெரியாது.

கரண்டோட சேந்தது லைன். டவர்ல இருந்து கண்ட்ரோல் சென்டருக்கு போற வழி ஃபைபரா இருந்தா அது எங்க போவுதுன்னு பாக்கணும். நம்ம ஊருல பாதி இடத்துல ஃபைபர் கரண்டு கம்பத்துலயே தொங்கிட்டு போவுது, கம்பம் சாஞ்சா ரெண்டும் சேந்து போவும். மைக்ரோவேவ் டிஷ் வேணும், இல்ல பூமிக்கடியில ரெண்டு வழி வேணும். நான் டெமோவுல வேணும்னே லைன உருவி பாத்தேன், பையன் முகம் செத்து போச்சு. ஆனா செட்டு நல்ல பேரு எடுத்துது, லைன் போனதும் ஒரு நிமிசம் தடுமாறிட்டு பேஸ் ஸ்டேஷன் தனியா ஓட ஆரம்பிச்சுது, அந்த டவருக்கு கீழ இருக்கிறவிய அவங்களுக்குள்ள பேசிக்கலாம். அப்புறம் பேஸ் ஸ்டேஷனயே அணைச்சோம், செட்ட டைரக்ட் மோடுக்கு மாத்தினா டவரே இல்லாம செட்டுக்கு செட்டு பேசுது, வெட்டவெளியில ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர் போவுது, மரத்துக்குள்ள அதுக்கும் கம்மி. இந்த ரெண்டுக்காக மட்டும் இதுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன். செல்போன் ஆப்பு எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் டவர் செத்தா பக்கத்துல நிக்குறவன் கிட்ட கூட பேசாது.

அடுத்தது பூட்டும் சாவியும். சேல்ஸ்காரங்க "மிலிட்டரி கிரேடு"ன்னு ஒரு வார்த்தைய வச்சிருக்காவ, அத கேட்டாலே எனக்கு சிரிப்பு வரும். டெட்ராவுல ரெண்டு அடுக்கு. ஒண்ணு செட்டுக்கும் டவருக்கும் நடுவுல காத்துல போறத பூட்டுறது. இது டவருக்குள்ள போனதும் திறந்துடும், அங்க இருந்து உள்ள போற லைன்ல பேச்சு திறந்து தான் போவும், லைன்ல வேற பூட்டு போட்டிருந்தா ஒழிய. வாடகை லைன்னா யோசிக்கணும். ரெண்டாவது அடுக்கு, பேசுற செட்டுல பூட்டி கேக்குற செட்டுல மட்டும் திறக்குறது, இதுக்கு தனி காசு, எல்லாருக்கும் வேண்டியதில்ல, உளவு வேலை பாக்குறவியளுக்கு வேணும்.

முதல் அடுக்குல ஆரம்பத்துல இருந்து உள்ளது டி.இ.ஏ 1, 2, 3, 4னு நாலு வகை பூட்டு கணக்கு. 2ஆம் நம்பர் ஐரோப்பாவுல போலீஸ், மீட்பு மாதிரி வேலை பாக்குறவியளுக்கு மட்டும், வெளிய குடுக்க மாட்டான். 1ஆம் நம்பர் தான் ஊருக்கெல்லாம் வித்தது. இந்த கணக்கு எல்லாத்தையும் இருபது வருசத்துக்கு மேல ரகசியமா வச்சிருந்தாவ, ரகசியமா இருந்தா பாதுகாப்புன்னு நெனப்பு. 2023ல நெதர்லாந்துல மிட்நைட் ப்ளூன்னு ஒரு சின்ன குழு செட்ட பிரிச்சு உள்ள பாத்து வெளிய போட்டுட்டாவ, 1ஆம் நம்பர்ல 80 பிட் சாவின்னு சொல்லிட்டு உள்ள 32 பிட்டா சுருக்கி வச்சிருக்கு, சாதா லேப்டாப்புல ஒரு நிமிசத்துல திறந்துடும். வாங்குன நாடுகளுக்கு தெரியாம. அதுக்கப்புறம் தான் எட்சி அந்த கணக்கெல்லாம் வெளிய விட்டுது. அதே குழு 2025ல இன்னொண்ண கண்டுபிடிச்சாவ, ரெண்டாவது அடுக்குலயும் ஒரு செட்டுல 128 பிட் சாவிய 56ஆ சுருக்கி இருந்துது. அதனால நம்ம அரசாங்கம் வாங்குறப்ப "என்கிரிப்ஷன் இருக்கா"ன்னு கேட்டா போதாது. எந்த நம்பர், கணக்க நம்ம ஆளுவ திறந்து பாக்க விடுவியளா, சாவிய உண்டாக்குற மெஷின் எந்த ஊருல இருக்கும், யாரு அதுல கை வைப்பா. சாவிய விக்க வந்தவனே உண்டாக்கி அவனே செட்டுல ஏத்தி குடுக்குறதுன்னா அப்புறம் எதுக்கு இவ்வளவு செலவு.

இத நான் சும்மா சொல்லல, நம்ம டெமோவுல சாவி ஏத்துற லேப்டாப்புக்க பாஸ்வேர்டு அதுக்க மூடியிலயே ஒரு மஞ்ச ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டி இருந்துது. டெமோ தானேன்னு சொன்னான். டெமோவுல எப்படியோ வேலையிலயும் அப்படித்தான், டவர்ல ஏறுன காலத்துல இருந்து பாக்குறேன்.

இதுல கொள்ளாம்னு சொல்லத்தக்கது செட்டு தொலைஞ்சா செய்யுற ஏற்பாடு. கண்ட்ரோல் ரூம்ல இருந்து அந்த செட்ட மட்டும் மயக்கலாம், திரும்ப எழுப்பவும் செய்யலாம், இல்ல ஒரேயடியா கொன்னும் போடலாம். ஒரு செட்ட மயக்கி பாத்தோம், உடனே படுத்துது. சாவியையும் காத்து வழியாவே மாத்தலாம், ஒவ்வொரு ஸ்டேஷனா போயி செட்ட வாங்க வேண்டாம். ஆனா தொலைஞ்சத உடனே சொல்லணுமில்ல, பதில் எழுத பயந்து பத்து நாளு கழிச்சு சொன்னா சிஸ்டம் என்ன செய்யும்.

பாதுகாப்பு பாதுகாப்புன்னு ரொம்ப பூட்டிட்டா வேற ஒரு ஆபத்து வருது. பக்கத்துல நிக்குறவன் கிட்ட பேச முடியாம போறது. 2001 செப்டம்பர் 11ல நியூயார்க்ல மேல பறந்த போலீஸ் ஹெலிகாப்டர்காரங்க டவர் சாயப்போவுதுன்னு எச்சரிச்சத உள்ள ஏறுன ஃபயர்காரங்க நேரடியா கேக்க வழி இல்ல, ரெண்டும் வேற வேற ரேடியோ. 343 ஃபயர்காரங்க செத்தாவ. 2005 ஜூலை 7ல லண்டன் சுரங்க ரயில்ல குண்டு வெடிச்சப்ப உள்ள போன மீட்பு ஆளுவ பலருக்கு அடியில ரேடியோ வேலை செய்யல, ஆள ஓட விட்டு சேதி சொன்னாவ, அதுக்கப்புறம் தான் ஏர்வேவ சுரங்கத்துக்குள்ள இறக்குனாவ.

நம்ம ஊருக்கு வாங்க. களியக்காவிளை. இந்த பக்கம் தமிழ்நாடு, அந்த பக்கம் பாறசாலை கேரளா. ஒரு லாரி கவுந்து கேஸ் லீக் ஆனா ரெண்டு ஸ்டேட் போலீஸ், ரெண்டு ஸ்டேட் ஃபயர் வருவாவ. ரெண்டு ஸ்டேட்டும் தனித்தனி சாவி வச்சா எல்லையில நேருக்கு நேரா நின்னுக்கிட்டு செல்போன்ல தான் பேசணும். மண்டைக்காடு மாசிக் கொடைக்கு வர்ற கூட்டத்த பாருங்க, போலீஸ், ஃபயர், 108, ஹெல்த், பஸ்சு, பஞ்சாயத்து, அறநிலையத்துறை, ஆளாளுக்கு ஒரு வழியில பேசுதாவ. டெட்ராவுல இதுக்குன்னு பொது குரூப் உண்டாக்க ரெண்டு நிமிசம் தான் ஆவும், பையன் எனக்கு முன்னால செஞ்சு காட்டினான், அருமையா இருந்துது. ஆனா யாரு யாரு கூட பேசலாம், யாரு குரூப்ப உண்டாக்கலாம், சண்டை வந்தா யாரு பேச்சு முந்தும்னு முடிவு பண்ண எத்தன கூட்டம், எத்தன ஃபைலு. இந்தியாவுல போல்நெட்னு சாட்டிலைட் வழியா எல்லா ஸ்டேட் போலீசையும் சேக்குற நெட்வொர்க் ஏற்கனவே இருக்கு, ஆனா அது ஆபீசுல இருந்து ஆபீசுக்கு, ரோட்டுல நிக்குற ஏட்டையா கைக்கு வரணும்னா தனி ஏற்பாடு வேணும்.

"அண்ணே இதெல்லாம் பழசு, எல்.டி.இ, அதான் 4ஜி, வந்தாச்சு, வீடியோவே அனுப்பலாம்"னு சொல்லுறவிய இருக்காவ. வாஸ்தவம். தென்கொரியா 2014ல சேவோல் கப்பல் முங்குனதுக்கு அப்புறம் முடிவு பண்ணி 2021ல நாடு முழுக்க தனி எல்.டி.இ போட்டு முடிச்சுது. அமெரிக்காவுல ஃபர்ஸ்ட்நெட்னு இதே மாதிரி ஒண்ணு இருக்கு. நம்ம தொலைத்தொடர்பு ஆணையம் ட்ராய் கூட 2018ல இந்தியாவுக்கும் இப்படி ஒரு பிராட்பேண்டு நெட்வொர்க் வேணும், தனி ஸ்பெக்ட்ரம் ஒதுக்கணும்னு பரிந்துரை குடுத்துது. 2025 செப்டம்பர்ல பிஎஸ்என்எல் சொந்த நாட்டு சரக்கு வச்சு 4ஜி ஆரம்பிச்சாச்சு, அதுக்க மேல போடலாமே, சாவி பிரச்சினையும் பாதி தீருமேன்னு எனக்கும் ஆசை உண்டு. ஆனா பிரிட்டன்காரன் கதைய பாருங்க, ஏர்வேவ 2019ல அணைச்சுட்டு எல்.டி.இக்கு மாறிடுவோம்னு கிளம்புனவன், இன்னும் மாறி முடியல, பழசுக்கும் புதுசுக்கும் சேத்து காசு அழுதுக்கிட்டு இருக்கான். எல்.டி.இல டைரக்ட் மோடு இன்னும் டெட்ரா அளவுக்கு கைக்கு வரல, அதான் முள்ளு. என் கணக்கு, வீடியோவுக்கும் மேப்புக்கும் 4ஜி இருக்கட்டும், உயிர் போற பேச்சுக்கு தனி ரேடியோ இருக்கட்டும், ரெண்டையும் குரூப் அளவுல இணைச்சு விடணும்.

காசு கம்மியா முடிக்கணும்னா டி.எம்.ஆர்னு இன்னொரு டிஜிட்டல் ரேடியோ முறை இருக்கு. 12.5 கிலோஹெர்ட்ஸ்ல ரெண்டு பேச்சு, ஒரே ரிப்பீட்டர், அதாவது வாங்குன சிக்னல திருப்பி அனுப்புற பெட்டி, ரொம்ப தூரம் போவும், கிராமத்துக்கும் மலைக்கும் நல்லது, கோதையாறு மாதிரி இடத்துக்கு நானா இருந்தா 150 மெகாஹெர்ட்ஸ்ல டி.எம்.ஆர் ரிப்பீட்டர தான் சோலார்ல வைப்பேன். நாகர்கோவில் டவுனு, மண்டைக்காடு கூட்டம் மாதிரி ஒரே இடத்துல நூறு பேரு பேசுற வேலைக்கு டெட்ரா. நாடு முழுக்க ஒரே பிராண்டு ஒரே செட்டுன்னு சொல்லுறவன பாத்தா கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க.

கடைசியா கடலு. டெமோ நடக்குதுன்னு கேள்விப்பட்டு சின்னத்துறையில இருந்து நம்ம கூட்டுக்காரர் ஒருத்தர் வந்தாரு, போட்டு ஓனரு, செட்ட திருப்பி திருப்பி பாத்துட்டு "வோய், இது கடல்ல எவ்வளவு போவும்"னு கேட்டாரு. முட்டம் மாதிரி மேட்டுல, கடல் மட்டத்துல இருந்து 100 மீட்டர் உசரத்துல ஆன்டெனா வச்சாலும், போட்டுல 4 மீட்டர் உசரத்துல ஆன்டெனா இருந்தாலும், பூமி வளைவு வந்து 50 கிலோமீட்டர் கிட்ட மறைச்சிடும், டெட்ராவுக்கு ஸ்லாட்டு கணக்குலயே 58 கிலோமீட்டர் எல்லை வேற இருக்கு. "அது நாங்க வலைய பிரிக்குறதுக்கு முன்னால தீந்துடுமே"ன்னு செட்ட திருப்பி குடுத்துட்டாரு. அவிய போறது நூத்துக்கணக்கான நாட்டிக்கல் மைலு. அதுக்கு சாட்டிலைட் மாதிரி வேற வழி வேணும்.

அதனால போட்டுல போறவிய இந்த மாதிரி பெரிய நெட்வொர்க் வரும்னு பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம். இஸ்ரோ செஞ்ச டிரான்ஸ்பாண்டர், சாட்டிலைட் வழியா சேதி அனுப்புற பெட்டி, 2024 ஆகஸ்ட்ல இருந்து 13 கடலோர ஸ்டேட், யூனியன் பிரதேசத்துல ஒரு லட்சம் போட்டுக்குன்னு குடுக்குற திட்டம், கெடைச்சா வாங்கி மாட்டுங்க. அதுல பேச முடியாது, ஆனா கரைக்கும் போட்டுக்கும் ரெண்டு பக்கமும் சின்ன மெசேஜ் போவும், ஆபத்து பட்டன் இருக்கு. ஒக்கிக்கு அப்புறம் வந்த ஜெமினி பெட்டி கரையில இருந்து சேதிய வாங்க மட்டும் தான் செய்யும், அத நம்பி பதில் அனுப்பலாம்னு நெனைக்காதீங்க. வி.ஹெச்.எஃப் செட்டுல 16ஆம் சேனல சும்மா அரட்டைக்கு எடுக்காதீங்க, பக்கத்து போட்டுக்காரன் காப்பாத்த வர்ற வழி அதான். கரையில இருக்கிற வீட்டுக்காரங்க கோஸ்ட் கார்டு 1554ஐ போன்ல சேவ் பண்ணி வையுங்க. ஆன்டெனா கனெக்டர்ல உப்பு ஏறி பச்சை பிடிச்சிருந்தா எந்த செட்டும் ஒண்ணுக்கும் உதவாது, கடலுக்கு போறதுக்கு முன்னால கழத்தி துடைச்சு டேப்பு சுத்திட்டு போங்க, தெரியலன்னா பக்கத்துல செட்டு மாட்டுற யாரு கிட்டயாவது காட்டுங்க, பத்து நிமிச வேலை தான்.